காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்து: ஒரு டெங்கு நோயாளியும் மூன்று சவ்வுகளும்

நோயாளி 27 வயது ஆண், எடை 58 கிலோ, ஆத்தங்குடிப் பக்கம் ஒரு கல் பட்டறையில் வேலை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து வண்ணக் கலவை ஊற்றிப் பூக்கல் போடுகிறவர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா எதுவும் கிடையாது. ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மழைக்காலம் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கமெல்லாம் வார்டு வாசலில் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" ரத்தத்தை உறையவைக்கும் அந்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை குறையக் குறைய வீடே கலங்கிப்போகிறது, கூடினால் கண்டம் தப்பியது என்று நினைக்கிறார்கள். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு இல்லை, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதுதான். அந்தக் கசிவு ஏன், எந்த நாளில், எதனால் வருகிறது என்று தெரிய வேண்டுமென்றால் வைரஸின் புரதங்கள் நம் செல்களின் சவ்வுகளிடம் என்ன செய்கின்றன என்று பார்த்தாக வேண்டும். இந்த நோயாளியின் கதையில் அது பாடம் மாதிரி வரிசையாக வந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதல் நான்கு நாள்

முதல் நாள் மதியம் பட்டறையில் இருக்கும்போதே குளிர் எடுத்து 103 டிகிரி காய்ச்சல். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பும் முட்டியும் கழன்று விழுகிற மாதிரி வலி. சாயங்காலம் ஒரு மருந்துக்கடையில் பாராசிட்டமாலோடு டைக்ளோஃபினாக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டெங்கு நாளில் இந்த வலி மாத்திரை கூடவே கூடாது, ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் அப்படியே, பிளேட்லெட் வேலையையும் வயிற்றின் உட்புறத்தையும் கெடுத்து ரத்தக்கசிவுக்கு வழி செய்யும். இரண்டாம் நாள் வீட்டில் நிலவேம்புக் கஷாயம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறியது. நான்காம் நாள் காலையில் கஞ்சிகூட உள்ளே தங்கவில்லை என்று அவருடைய அம்மா எங்களிடம் அழைத்துவந்தார்.

அன்று பார்த்தபோது காய்ச்சல் 102, நாடித் துடிப்பு 104, ரத்த அழுத்தம் 114/76. முகமும் நெஞ்சும் சிவந்திருந்தன. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் ஐந்து நிமிடம் இறுக்கி வைத்துப் பார்த்ததில் முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். வெள்ளை அணுக்கள் 2,600, பிளேட்லெட் 92,000, சிவப்பணுப் பங்கைச் சொல்லும் பி.சி.வி. 41. வைரஸின் புரதத்தைக் காட்டும் என்.எஸ்.1 அட்டையில் கோடு பளிச்சென்று விழுந்தது. எதிர்ப்புப்பொருள்களில் முதலில் வரும் ஐ.ஜி.எம். மங்கலாக, பிந்தி வரும் ஐ.ஜி.ஜி. தெளிவாக. முதல்முறை டெங்கு வருகிறவருக்கு நான்காம் நாளிலேயே ஐ.ஜி.ஜி. இப்படி வராது. விசாரித்தால், சில வருடத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது "ஒரு வாரம் எலும்பையே முறிச்ச காய்ச்சல்" வந்ததாகச் சொன்னார், அப்போது பரிசோதனை எதுவும் செய்யவில்லை. இரண்டாவது டெங்கு என்று முடிவு செய்தோம். சாப்பிட முடியாததும் இதுவும் சேர்ந்ததால் வார்டில் சேர்த்துவிட்டோம்.

ஐந்தாம் நாள் காலை

விடியும்போது காய்ச்சல் இல்லை, 98.4. அம்மா பையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, ராத்திரியே காய்ச்சல் விட்டுருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரவா?"

"இல்லங்கம்மா, இனிமேதான் கவனமா இருக்கணும். அவர் கையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் முகம் மாறியது. "ஆமாத்தா, சில்லிட்டுக் கிடக்கே."

நாடி 116. ரத்த அழுத்தம் 100/80. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் 100 இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் இரண்டுக்கும் நடுவே 20 தான் இடைவெளி, பெரியவர்களானாலும் குழந்தைகளானாலும் டெங்குவில் அந்த இடைவெளி 20-க்கு வந்துவிட்டாலே அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கிப்பிடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கீழ் எண் ஏறி நிற்கிறது, கை சில்லிடுகிறது, ஆள் பேசிக்கொண்டும் இருக்கிறார். ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். வலது விலாவுக்குக் கீழே அழுத்தினால் வலி, இரவிலிருந்து நான்கு முறை வாந்தி, கேட்டதற்கு மட்டும் சோர்வாகப் பதில். ரத்தம் பார்த்தால் பிளேட்லெட் 38,000, பி.சி.வி. 50.

41 எங்கே, 50 எங்கே. 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு பங்கு என்கிற கணக்கு. ஒரே ராத்திரியில் யாருக்கும் சிவப்பணு கூடிவிடாது, ஆக நீர்ப்பகுதிதான் குறைந்திருக்கிறது. அந்த நீர் எங்கே போனது என்று ஸ்கேன் காட்டியது: வலது நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம், கல்லீரலுக்குக் கீழே கொஞ்சம், பித்தப்பையின் சுவர் நீர்கோத்துத் தடித்திருந்தது. ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் 2.9 ஆக இறங்கியிருந்தது. நீரோடு அல்புமினும் வெளியேறியிருக்கிறது, சிவப்பணு மட்டும் உள்ளேயே நிற்கிறது. எங்கேயும் குழாய் உடையவில்லை. அணுவைத் தடுத்துப் புரதத்தை விடுகிற அளவுக்கு உட்சுவர் தளர்ந்திருக்கிறது.

அப்போது உடம்பில் வைரஸ் குறைந்துகொண்டிருந்தது, காய்ச்சல் விட்டதற்கே காரணம் அதுதான். வைரஸ் குறையும்போது நோய் ஏன் கூடுகிறது? இதற்குப் பதில் சொல்ல, கொசு கடித்த நாளிலிருந்து வர வேண்டும்.

முதல் சவ்வு: உள்ளே நுழைகிற இடம்

டெங்கு வைரஸ் ஏறக்குறைய 50 நானோமீட்டர் அகலம். நடுவில் 10,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள், அதைச் சுற்றி முந்தைய செல்லிலிருந்து எடுத்துக்கொண்டுவந்த கொழுப்புச் சவ்வு, அதன் மேல் 180 இ புரதங்கள், 180 எம் புரதங்கள். இ புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, 90 ஜோடிகளாக, நிமிர்ந்து நிற்காமல் சவ்வின் மேல் படுத்துக் கிடக்கின்றன. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் 2002-ல் இந்த அமைப்பை வெளிப்படுத்தினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் நம் நோயாளி போடுகிற கற்களை வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், இடைவெளியில்லாமல் பதித்த தரைதான் ஞாபகம் வரும், அவ்வளவு நெருக்கம், அடியில் இருக்கும் சவ்வு கொஞ்சமும் வெளியே தெரியாது.

கொசு கடித்ததும் தோலில் காவலிருக்கும் டென்ட்ரைட்டிக் செல்களில் வைரஸ் முதலில் ஒட்டுகிறது. அந்த செல்களின் சவ்வில் டி.சி.-சைன் என்றொரு புரதம் இருக்கிறது, கிருமிகளின் மேலுள்ள சர்க்கரைகளைப் பிடித்து விழுங்குவதற்காக வைத்திருப்பது. இ புரதத்தின் மேலும் சர்க்கரை இருக்கிறது, பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் பாதுகாப்புக்காக இருக்கும் சவ்வுப் புரதமே வாசலாகிவிடுகிறது. ஆனாலும் வைரஸ் இன்னும் செல்லுக்குள் வந்துவிடவில்லை, எண்டோசோம் என்ற சவ்வுப் பைக்குள்தான் இருக்கிறது, அந்தப் பை அதைச் செரிக்கும் இடத்துக்கு எடுத்துப்போய்க்கொண்டிருக்கிறது.

செரித்து அழிப்பதற்காக எண்டோசோம் உள்ளே அமிலத்தை ஏற்றிக்கொண்டே போகும். அந்த அமிலமே இ புரதத்துக்கு சமிக்ஞை. பி.ஹெச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 6 பக்கம் இறங்கியதும் படுத்திருந்த ஜோடிகள் பிரிகின்றன, புரதங்கள் நிமிர்கின்றன, மூன்று மூன்றாகச் சேர்கின்றன. இதுவரை ஜோடிக்குள் மறைந்திருந்த நுனி வெளியே வருகிறது. அந்த நுனிக்கு இணைவு வளையம் என்று பெயர், தண்ணீரை வெறுத்துக் கொழுப்பைத் தேடும் அமினோ அமிலங்களால் ஆனது, டிரிப்டோஃபேனும் லூசினும் ஃபினைல்அலனினும் அதில் உண்டு. எண்டோசோம் சவ்வின் மேலடுக்கில் அது மேலாகச் செருகிக்கொள்கிறது, ஆழமாகப் போவதில்லை, பிடிமானத்துக்கு அவ்வளவே போதும். புரதத்தின் ஒரு முனை வைரஸின் சவ்வில், மறுமுனை நம் சவ்வில். பிறகு அந்த மூன்று புரதமும் நடுவில் மடிகின்றன.

கொழுப்புச் சவ்வுகள் இரண்டு தாமாக நெருங்குவதில்லை, நடுவிலுள்ள நீர் அடுக்கை விலக்க ஆற்றல் வேண்டும், அந்த ஆற்றல் இந்த மடிப்பிலிருந்துதான் வருகிறது. முதலில் வெளியடுக்குகள் மட்டும் கலக்கும், அப்புறம் உள்ளடுக்குகளும் கலந்து ஒரு துளை திறக்கும், ஆர்.என்.ஏ. அதன் வழியே செல்லுக்குள் போய்விடும். மடிப்புக்குப் பிந்தைய வடிவத்தை 2004-ல் ஹார்வர்டில் ஸ்டீஃபன் ஹாரிசன் குழு படிக அமைப்பாகக் காட்டியது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, சவ்வும் இங்கே சும்மா இருப்பதில்லை என்பது. அமிலம் மட்டும் இருந்தால் போதாது, எதிர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புகள் அந்தச் சவ்வில் இருந்தால்தான் டெங்கு இணைவு ஒழுங்காக நிறைவேறுகிறது என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. பி.எம்.பி. என்ற அப்படிப்பட்ட கொழுப்பு எண்டோசோமின் பிந்தைய கட்டத்தில்தான் நிறைய இருக்கும். செல்லின் வெளிச்சவ்விலோ ஆரம்ப எண்டோசோமிலோ அவசரப்பட்டுத் திறந்து வீணாகாமல், சரியான இடம் வரும்வரை புரதம் காத்திருக்கிறது. புரதத்தை மட்டும் வரைந்துவிட்டுச் சவ்வை இரண்டு கோடாகப் போட்டுக்காட்டும் பாடப்புத்தகப் படங்களில் இந்த விஷயம் காணாமல் போய்விடுகிறது.

அப்படியானால் அமிலத்தைக் குறைத்துவிட்டால் வைரஸ் உள்ளேயே மாட்டிக்கொள்ளாதா? ஆய்வகத்து செல்களில் மாட்டிக்கொள்கிறது. எண்டோசோம் அமிலத்தைக் குறைக்கும் குளோரோகுயினை வியட்நாமில் டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது, ரத்தத்தில் வைரஸ் இருக்கும் காலம் குறையவில்லை. ஆள் நம்மிடம் வரும்போது கோடிக்கணக்கான செல்களில் இந்தக் கட்டம் தாண்டிப்போயிருக்கும்.

இரண்டாவது சவ்வு: பெருகுகிற இடம்

செல்லுக்குள் நுழைந்த ஆர்.என்.ஏ.விலிருந்து பத்துப் புரதங்கள் உருவாகின்றன, மூன்று வைரஸின் உடம்புக்கு, ஏழு வேலைக்கு. அந்த ஏழில் என்.எஸ்.4ஏ, என்.எஸ்.4பி இரண்டும் செல்லுக்குள் புரதம் உருவாகும் இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வுக்குள்ளேயே பலமுறை நுழைந்து வெளிவந்து தைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டு, அந்தச் சவ்வை உட்புறமாகக் குழிய வைக்கின்றன. ஏறக்குறைய 90 நானோமீட்டர் அளவுள்ள அந்தக் குழிகளுக்குள் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கிறது, செல்லின் உளவுப் புரதங்கள் கண்டுபிடிக்க முடியாத மறைவு அது. 2021-ல் எலிகளிடம் நல்ல பலன் காட்டிய ஒரு மருந்து மூலக்கூறு என்.எஸ்.4பி-யும் என்.எஸ்.3-யும் சேர்வதைத் தடுத்துத்தான் வேலை செய்தது, ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

புதிய வைரஸ் அதே சவ்வைப் போர்த்திக்கொண்டு மொட்டுவிட்டு, செல்லுக்குள் இருக்கும் கோல்ஜி என்ற பைகளின் வழியாக வெளியே வருகிறது. கோல்ஜியும் அமிலம்தானே, அங்கேயே இ புரதம் திறந்துகொள்ளாதா? அதற்குத்தான் பி.ஆர்.எம். என்ற புரதம், இணைவு வளையத்தின் மேல் மூடியாக இருக்கிறது. நம் செல்லின் ஃபியூரின் என்ற நொதி அதை வெட்டினாலும், வெட்டுண்ட துண்டு அமிலம் உள்ளவரை ஒட்டிக்கொண்டே இருந்து, செல்லைவிட்டு வெளியே வந்த பிறகுதான் விழுகிறது. டெங்குவில் இந்த வெட்டு பல நேரம் முழுமையாவதில்லை, பாதி மூடியோடு நிறைய வைரஸ்கள் வெளியே வருகின்றன.

நம் நோயாளிக்கு இது இரண்டாவது டெங்கு என்பது இங்கேதான் கணக்கில் சேர்கிறது. டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராகப் பல காலம் பாதுகாப்பு உண்டு, மற்ற மூன்றுக்கு எதிராக இருப்பது அரைகுறை எதிர்ப்புப்பொருள்கள், அவற்றில் பலவும் இணைவு வளையத்தையும் பி.ஆர்.எம்.-மையும் குறிவைப்பவை. அவை வைரஸை ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. எதிர்ப்புப்பொருளின் வாலைப் பிடிக்கிற வாங்கிகள் மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற கிருமி விழுங்கும் செல்களின் சவ்வுகளில் இருக்கின்றன, வாலைப் பிடித்து இழுக்கும்போது வைரஸும் கூடவே உள்ளே போய்விடுகிறது. 1960-களில் பாங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் இந்தக் கருத்தைத் தொடர்ந்து வற்புறுத்தியவர், இரண்டாம் முறை வரும் குழந்தைகளிடமும், தாயின் எதிர்ப்புப்பொருளோடு பிறந்த கைக்குழந்தைகளின் முதல் டெங்குவிலும் நோய் கடுமையாக இருந்ததே அதற்குத் துப்பாக இருந்தது. 2017-ல் நிகராகுவா குழந்தைகளிடம் நடந்த நீண்டகால ஆய்வு, எதிர்ப்புப்பொருள் மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் நடுவாந்தரமாக இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று காட்டியது. 2015-ல் முதல் அனுமதி பெற்ற டெங்வாக்சியா தடுப்பூசி, அதற்குமுன் டெங்குவே வராத குழந்தைகளுக்குப் போட்டால் பிறகு வரும் டெங்கு கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்ததும் இதே காரணத்தோடு சேர்ந்ததுதான்.

மூன்றாவது சவ்வு: கசிகிற இடம்

நான்காம் நாள் அட்டையில் விழுந்த அந்தக் கோட்டுக்கு வருகிறேன். என்.எஸ்.1 என்பதை வெறும் சோதனைப் பெயராகத்தான் நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் கோட்டைப் போடுகிற புரதமே ரத்தக்குழாயைத் தளர்த்துகிறவற்றில் ஒன்று.

வைரஸின் புரதங்களில் இது விசித்திரமானது. செல்லுக்குள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சவ்வில் ஒட்டிக்கொண்டு நகலெடுப்புக்கு உதவும். அப்புறம் ஆறு சேர்ந்து ஒரு பீப்பாயாகி செல்லைவிட்டு ரத்தத்துக்குள் வந்துவிடும். அந்தப் பீப்பாயின் நடுவில் ஏறக்குறைய 70 கொழுப்பு மூலக்கூறுகள், நம் செல்லிலிருந்தே எடுத்துக்கொண்டவை. நல்ல கொழுப்பு என்று சொல்கிறோமே எச்.டி.எல்., அதைப்போன்ற சேர்க்கை, 2011-ல் தெரியவந்தது. வைரஸ் இல்லாமல் தனியாகவே உடம்பு முழுக்கச் சுற்றும், சில நோயாளிகளிடம் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரைகூடப் போகும்.

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு அடுக்கு எண்டோதீலிய செல்கள். அவற்றின் சவ்வின் மேல், ரத்தம் படுகிற பக்கம், கிளைக்கோகேலிக்ஸ் என்ற சர்க்கரைப் பூச்சு இருக்கிறது. சிண்டிகன்-1 மாதிரியான சவ்வுப் புரதங்கள் செல்லில் ஊன்றி நிற்கும், அவற்றிலிருந்து ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும், நுனிகளில் சயாலிக் அமிலம். எல்லாமே எதிர்மின்னேற்றம். அல்புமினுக்கும் எதிர்மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று விலக்கும், அல்புமின் உள்ளே நிற்கும், அது நிற்பதால் நீரும் நிற்கும். என்.எஸ்.1 இந்தப் பூச்சில் ஒட்டிக்கொண்டு, செல்லிடம் இருக்கும் நொதிகளையே தூண்டிவிடுகிறது. சயாலிடேஸ் சயாலிக் அமிலத்தை வெட்டும், கத்தெப்சின்-எல் என்ற நொதி கிளப்பிவிட்ட ஹெப்பரனேஸ் ஹெப்பரான் சங்கிலியை வெட்டும், சிண்டிகன்-1 கழன்று ரத்தத்தில் வந்துவிடும். 2015, 2016-ல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின, கடுமையான டெங்கு நோயாளிகளின் ரத்தத்தில் சிண்டிகன்-1 கூடியிருப்பதும் அதோடு பொருந்துகிறது. இன்னொரு விஷயம், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் என்.எஸ்.1 மூளையின் ரத்தக்குழாய் செல்களைத் தளர்த்துகிறது, டெங்குவினுடையது நுரையீரல், தோல் செல்களையும் சேர்த்துத் தளர்த்துகிறது. எந்த சவ்வில் எந்தப் புரதம் ஒட்டும் என்பதே எந்த நோயில் எங்கே நீர் கசியும் என்பதையும் நிர்ணயிக்கிறது போலிருக்கிறது.

எல்லாப் பழியையும் என்.எஸ்.1 மேலேயே போட்டுவிட முடியாது. அது டி.எல்.ஆர்.4 என்ற சவ்வு வாங்கியைத் தொட்டு வெள்ளை அணுக்களை உசுப்பிவிடும், நோய்த்தொற்று உள்ள செல்களை அழிக்க டி-செல்கள் கிளம்பும், டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்கள் (அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்கள்) கொட்டும், எண்டோதீலிய செல்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளும் நெகிழும். வைரஸைத் துரத்துகிற இந்த வேகம் உச்சத்துக்கு வருவது நான்காம் ஐந்தாம் நாளில். வைரஸ் குறைகிறது, காய்ச்சல் விடுகிறது, சுவர் தளர்ந்துபோயிருக்கிறது, மூன்றும் ஒரே வேளையில். அம்மா பையைக் கட்டிய காலை அதுதான்.

எண்டோதீலிய செல்கள் இதில் பெரும்பாலும் சாவதில்லை, பூச்சு போகிறது, இணைப்பு நெகிழ்கிறது, அவ்வளவே. அதனால்தான் 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு தானாக நின்றுவிடுகிறது. மருத்துவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்த நேரத்தைக் கடத்திவிடுவது.

என்ன செய்தோம்

ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் டிரிப்ஸ், கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் முதல் மணி நேரத்தில் 580 மில்லி. முடிந்ததும் நாடி 100, ரத்த அழுத்தம் 106/74, பி.சி.வி. 46, கை கொஞ்சம் வெதுவெதுத்தது. பிறகு கிலோவுக்கு 7 மில்லி, அப்புறம் 5, 3 என்று பி.சி.வி.யையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துக் குறைத்தோம். மணிக்கு, கிலோவுக்கு அரை மில்லி சிறுநீர் இறங்கினால் போதும், அதற்குமேல் நீரை ஏற்றுவதில் பிரயோஜனமில்லை, ஏற்றுவதெல்லாம் நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த்தான் சேரும். டிரிப்ஸ் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்கிற எண்ணம் நம் ஊரில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. டெங்குவில் குறைவாகக் கொடுத்தாலும் ஆபத்து, கூடக் கொடுத்தாலும் ஆபத்து, கசிவு நின்ற பிறகு வெளியே போன நீரெல்லாம் திரும்பி ரத்தத்துக்குள் வரும்போது நுரையீரல் திணறிப்போகும்.

ஆறாம் நாள் பிளேட்லெட் 19,000. உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள், ரத்தம் கொடுக்க ஆள் தயார், மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு சித்தப்பா கேட்டார். அவரை உட்காரவைத்து நான் காட்டியது பி.சி.வி. தாளைத்தான், 50, 46, 44, 42 என்று இறங்கிக்கொண்டிருந்தது. ஈறிலோ மூக்கிலோ மலத்திலோ ரத்தமில்லை. ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு 20,000-க்குக் கீழே போனாலும் முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் கசிவு தடுக்கப்படவில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஏற்றவில்லை. அன்றிரவு டிரிப்ஸை நிறுத்தினோம். ஏழாம் நாள் இட்லி கேட்டார், காலிலும் கையிலும் சிவப்பு நடுவே வெள்ளைத் திட்டுகளாகத் தடிப்பும் அரிப்பும், டெங்கு இறங்கும்போது வருகிற தடிப்பு அது. பி.சி.வி. 38, பிளேட்லெட் 46,000. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

கொசு எங்கிருந்தது

டெங்கு என்றால் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், கொடுத்ததும் கொசுப்புழு பார்க்கும் பணியாளர்கள் வந்தார்கள். எல்லோர் சந்தேகமும் பட்டறையில் கல் ஊறப்போடும் தொட்டி மேல்தான். அங்கே ஒரு புழுகூட இல்லை, கல்லைப் போடவும் எடுக்கவும் தினமும் கலங்கிக்கொண்டேயிருக்கும் தண்ணீர் அது. புழு இருந்தது பட்டறைக்குப் பின்னால் மூடியில்லாமல் கிடந்த நீல டிரம்மிலும், அடுத்த தெருவில் பூட்டிக்கிடந்த பெரிய வீட்டிலும்.

செட்டிநாட்டில் இது தனிப் பிரச்சினை. ஓட்டுக்கூரையில் விழும் மழையெல்லாம் வளவில் இறங்குகிற மாதிரி கட்டிய வீடுகள், குடும்பம் சென்னையிலோ கோலாலம்பூரிலோ. கல்யாணம், படைப்பு என்று வந்தால்தான் கதவு திறக்கும். வளவில் விட்டுப்போன அண்டாவும் வாளியும் மழை பெய்தால் நிரம்பும், ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும், எட்டுப் பத்து நாளில் பறக்கும். வாசலில் பூட்டைப் பார்த்துப் பணியாளர்கள் திரும்பிவிடுகிறார்கள். இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சியிடம் சாவி இருந்தது நல்லதாகப் போயிற்று, அன்றே பாத்திரங்களைக் கவிழ்த்தார்கள், வாராவாரம் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீடு பூட்டிப் போகிறவர்கள் ஒரு சாவியை ஊரிலேயே நம்பகமானவரிடம் விட்டு, பாத்திரம் பண்டத்தைக் கவிழ்த்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனால் ஒரு தெருவே பிழைக்கும்.

நோயாளி வீட்டுக்குப் போன வாரமே அவருடைய தங்கைக்குக் காய்ச்சல். இந்தமுறை அம்மா மருந்துக்கடைக்குப் போகவில்லை, முதல் நாளே கூட்டிவந்தார். என்.எஸ்.1 இருந்தது, ஐ.ஜி.ஜி. இல்லை, முதல் டெங்கு. பாராசிட்டமால், மோர், கஞ்சி, இளநீர் என்று வீட்டிலேயே வைத்து, தினமும் வந்து பி.சி.வி. பார்த்துக்கொண்டு போனார்கள். 36, 37, 38, அதற்கு மேல் ஏறவில்லை. காய்ச்சல் விட்ட அன்று காலையில் கேட்காமலேயே மகளின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் இருக்கு டாக்டரம்மா, ஒண்ணுக்கும் நல்லாப் போறா" என்று அம்மா போனில் சொன்னார். அன்றும் மறுநாளும் ரத்தம் பார்த்து, அதோடு விட்டோம்.